உடையவரும் உரியவரும்: சிங்கப்பூர் நகர வளர்ச்சியில் மக்களின் குரல்

ஒரு நிலத்தை உடையவர் யார் என்பதைப் பத்திரம் சொல்லிவிடும். அந்நிலத்திற்கு உரியவர் யாவர் என்பதை எந்தப் பத்திரமும் முழுமையாகச் சொல்வதில்லை. நகரத் திட்டங்களைப் பற்றிப் பேசுவோர் இன்று 'பங்குதாரர்' என்னும் சொல்லைப் பெரிதும் வழங்குகின்றனர். வணிகத்தில் அச்சொல் முதலீடு செய்தவரைக் குறிக்கும். அவ்வாறாயின், ஓரிடத்தில் பணம் போடாமல் வாழ்நாளின் ஒரு பகுதியைக் கழித்தவரை நாம் எவ்வாறு அழைப்பது? சிங்கப்பூரின் அண்மைக்கால வரலாற்றிலிருந்து மூன்று நிகழ்வுகளைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

முதலாவது, ஸ்டாம்ஃபர்ட் சாலையில் இருந்த பழைய தேசிய நூலகம். 1953ஆம் ஆண்டில் லீ கோங் சியான் அதற்கென 375,000 வெள்ளி நன்கொடை வழங்க முன்வந்தார். நூலகம் கட்டணமின்றி அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும், இங்குள்ள மக்களின் மொழிகளை அது வளர்க்க வேண்டும் என்பன அவர் விதித்த நிபந்தனைகள். 1960 நவம்பரில் திறக்கப்பட்ட அச்செங்கல் கட்டடத்தில் நாற்பதாண்டுகளுக்கும் மேலாக மாணவர்கள் அமர்ந்து படித்தனர். கட்டடம் அரசினுடையது, நினைவுகளோ அம்மாணவர்களுக்கு உரியவை.

ஃபோர்ட் கெனிங் குன்றின் கீழே சுரங்கச் சாலை அமைப்பதற்கும், அவ்வட்டாரத்தில் பல்கலைக்கழக வளாகம் எழுப்புவதற்குமான திட்டங்களில் நூலகம் இடிபடும் என்பது தொண்ணூறுகளின் இறுதியில் பரவலாகத் தெரியவந்தது. மக்கள் நாளிதழ்களுக்குக் கடிதம் எழுதினர். கூட்டங்களில் கேள்வி எழுப்பினர். கட்டடக் கலைஞர் டே கெங் சூன், நூலகத்தைக் காக்கும் மாற்று வரைபடம் ஒன்றைத் தாமே வரைந்து 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முன்வைத்தார். ஆயினும் அவ்வாண்டு மார்ச்சில் அரசு தன் முடிவை உறுதிப்படுத்தியது. போக்குவரத்து நெரிசலும் நகர மையத்தின் வருங்காலத் தேவையும் அதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. 2004 மார்ச் 31ஆம் நாள் நூலகம் மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. நுழைவாயில் தூண்கள் மட்டும் இன்றும் அங்கே நிற்கின்றன. அரசு கூறிய காரணங்கள் பொய்யானவை அல்ல. ஆனால் வரைபடம் முடிந்த பின்னரே மக்களின் குரல் எழ நேர்ந்தது. அதற்கு இடம் தர அப்போது கோடுகள் நகரவில்லை.

இரண்டாவது நிகழ்வு, புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையிலுள்ள செக் ஜாவா. அங்கே கடலைத் தூர்த்து நிலமாக்கும் திட்டம் 1992லேயே வெளியிடப்பட்டது. எனினும், நீர் வற்றும் வேளையில் அக்கரையில் எத்தனை உயிர்கள் வெளிப்படுகின்றன என்பதை அன்று அறிந்தவர் மிகச் சிலரே. ஏறத்தாழ 100 ஹெக்டர் பரப்பில் சதுப்புநிலக் காடு, கடற்புல் திட்டு, மணல்வெளி, பாறைக்கரை ஆகியவை ஒருங்கே அமைந்திருந்தன. 2001இல் பணி தொடங்கவிருந்த நிலையில் இயற்கை ஆர்வலர்கள் அங்குள்ள உயிரினங்களைப் பட்டியலிட்டனர். பொதுமக்களை அழைத்துச் சென்று காட்டினர். கண்டவற்றை அரசுக்கு எழுதி அனுப்பினர். அவ்வாண்டு டிசம்பரில் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. 2007இல் அங்கே நடைபாதையும் வருகையாளர் நிலையமும் திறக்கப்பட்டன. இங்கு நாம் குறிக்கத்தக்கவை இரண்டு. அறிவித்தல் வேறு, அறியச் செய்தல் வேறு என்பது ஒன்று. உணர்வோடு சான்றும் சேரும்போது குரலுக்கு வலிமை கூடுகிறது என்பது மற்றொன்று.

மூன்றாவது, குறுக்குத் தீவு ரயில் பாதை. 2013இல் இத்திட்டம் அறிவிக்கப்பட்டபோது, அப்பாதை மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதியின் ஊடே செல்லக்கூடும் என்பதைக் கண்டு இயற்கைக் குழுக்கள் கவலை தெரிவித்தன. இம்முறை கலந்துரையாடல் முன்னதாகவே தொடங்கியது. காட்டினுள் மண்ணை ஆய்வதற்குத் திட்டமிடப்பட்ட துளைகள் 72இலிருந்து 16ஆகக் குறைக்கப்பட்டன. அவையும் ஏற்கெனவே உள்ள நடைவழிகளிலும் வெட்டவெளிகளிலும் அமையுமாறு பார்த்துக்கொள்ளப்பட்டது. ஆயினும் காட்டைச் சுற்றிச் செல்லும் பாதை ஏற்கப்படவில்லை. வனப்பகுதியின் கீழே ஏறத்தாழ 70 மீட்டர் ஆழத்தில் நேர்ப்பாதை செல்லும் என 2019 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. குழுக்கள் விரும்பிய முடிவு கிட்டவில்லை. ஆனால் அவர்தம் சொல் திட்டத்தின் செயல்முறையை மாற்றியது.

இம்மூன்றையும் வெற்றி, தோல்வி என்று கணக்கிடுவது நம் நோக்கமன்று. இடமோ சிறிது, தேவைகளோ பல என்றிருக்கும் ஒரு நாட்டில் எல்லாக் கோரிக்கைகளும் நிறைவேறா. கேள்வி எப்போது கேட்கப்படுகிறது என்பதே இங்கு முதன்மையானது. 'கட்டலாமா?' என்னும் கட்டத்தில் மக்களை அழைப்பது கலந்தாய்வு. 'கட்டப்போகிறோம்' என்னும் கட்டத்தில் அழைப்பது விளக்கக் கூட்டம். இரண்டிற்கும் பயன் உண்டு. ஒன்றை மற்றொன்றின் பெயரால் அழைப்பதே நம்பிக்கையைக் குலைக்கிறது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறைக்கும் எடுத்துச் செல்லலாம். பள்ளிக்கு அருகில் நடைபெறவிருக்கும் ஒரு திட்டத்தின் அறிவிப்பை மாணவர்கள் தமிழில் எழுதிப் பார்க்கட்டும். அதைத் தத்தம் பாட்டியிடம் படித்துக் காட்டட்டும். பாட்டிக்கு விளங்காத அறிவிப்பு அவரிடம் கருத்துக் கேட்டதாகாது. உடையவர் முடிவெடுக்கும் முன் உரியவரின் சொல்லைக் கேட்க வேண்டுமாயின், உரியவரின் மொழியில் கேட்பதும் அதனுள் அடங்கும்.