மீத்திறன் குழந்தைகளும் குடும்ப வருமானமும்

வயதுக்கு மீறிய அறிவுத்திறன் கொண்ட பிள்ளைகளைக் கல்வியியலில் மீத்திறன் குழந்தைகள் என்பர். எந்த வீட்டிலும் இவர்கள் பிறக்கலாம். ஆனால் இவர்களில் யார் கண்ணில் படுகிறார்கள், யார் கடைசிவரை முன்வரிசையில் நிற்கிறார்கள் என்பதைத் தீர்மானிப்பதில் குடும்ப வருமானத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் பிரவர்ட் மாவட்டப் பள்ளிகளில் நடந்தது இதற்குத் தெளிவான சான்று. அங்கே 2005க்கு முன்பு ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்தால்தான் ஒரு குழந்தைக்கு நுண்ணறிவுச் சோதனை நடக்கும். வசதியுள்ள பெற்றோர் தனியார் உளவியலாளரிடம் பணம் கட்டிச் சோதித்து, முடிவைப் பள்ளியில் கொடுத்துவிடுவார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகளுக்கும் தகுதி மதிப்பெண் 130இலிருந்து 116ஆகத் தளர்த்தப்பட்டிருந்தது. சலுகை இருந்தும் பலனில்லை. அவர்களைச் சோதனைக்கு அனுப்புவோர் குறைவு.

2005இல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்குமே ஒரு முதற்கட்டத் தேர்வு வைத்தார்கள். வாசிக்கத் தேவையில்லாமல் உருவங்களையும் கட்டங்களையும் பார்த்து விடை சொல்லும் தேர்வு அது. தேறியவர்கள் முழுச் சோதனைக்குப் போனார்கள். பின்தங்கிய வீட்டுப் பிள்ளைகள் மீத்திறன் பட்டியலில் சேரும் விகிதம் 180 சதவீதம் உயர்ந்ததைப் பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் 2016இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். அதே ஊர், அதே பிள்ளைகள்தான். அதுவரை யாரும் தேடவில்லை. பின்னர் நிதி நெருக்கடியில் இந்தத் தேர்வு கைவிடப்பட, பழைய இடைவெளி அப்படியே திரும்பிவந்தது.

அடையாளம் கண்டால் மட்டும் போதாது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவர் குழுவினரும் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்பாளர்களின் பின்னணியை ஆராய்ந்தனர். வருமானத்தில் உச்சியிலுள்ள 1 சதவீதக் குடும்பங்களின் பிள்ளைகள் கண்டுபிடிப்பாளராகும் வாய்ப்பு, கீழ்ப்பாதிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு உள்ளதைப்போல் 10 மடங்கு. மூன்றாம் வகுப்புக் கணக்கில் சமமாக முன்னிலையில் இருந்தவர்களை ஒப்பிட்டாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகளே முந்தினர்.

இந்தியாவில் இந்த இடைவெளியைக் குறைக்கும் முயற்சிகளுள் ஒன்று, தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் திட்டத் தேர்வு. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் படிப்பவர்கள் இதை எழுதலாம். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.3.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை ஆண்டுக்கு ரூ.12,000 வங்கிக் கணக்கில் சேரும். நல்ல உதவிதான், ஐயமில்லை. ஆனால் விண்ணப்பிக்க ஏழாம் வகுப்பில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. கூர்மையான அறிவிருந்தும் வீட்டு நெருக்கடியால் ஏழாம் வகுப்புக்குள்ளேயே மதிப்பெண்ணில் சரிந்துவிட்ட பிள்ளை இந்த வாசல்வரைகூட வர முடிவதில்லை. பிரவர்ட் மாவட்டம் பிள்ளைகளைத் தேடத் தொடங்கியது இரண்டாம் வகுப்பிலேயே.