நாடாவும் கட்டும்

கணிப்பொறியில் உள்ள ஓர் அடைவை, அதனுள் அடங்கிய கோப்புகள் அனைத்தோடும் ஒரே கோப்பாகக் கட்டிச் சுருக்கி வைக்கக் கட்டளை வரியில் ஒரு சிறு ஆணை போதும். ‘டார்’ என்று எழுதி, இடம் விட்டு, ஒரு சிறு கோடும் அதையொட்டிச் சி, இஸட், எஃப் என்னும் மூன்று எழுத்துகளும் இடுகிறோம். பின்பு கட்டின் பெயர். அதன் பின் அடைவின் பெயர். மாணவர்கள் இதனை மந்திரம்போல் மனப்பாடம் செய்கின்றனர். ஆயினும் இவ்வரிக்குள் ஒரு வரலாறு உண்டு.

அமெரிக்காவின் நியூஜெர்சியில் உள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையின் ஏழாம் பதிப்பு 1979இல் வெளிவந்தது. டார் அதில்தான் அறிமுகமாயிற்று. காந்த நாடாவில் ஆவணங்களைக் காத்தல் என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் சுருக்கமே அப்பெயர். அதற்குமுன் வழங்கிய டிபி என்னும் கருவி, நாடாவின் தொடக்கத்தில் பெயர்ப்பட்டியல் ஒன்றை வைத்தது. டார் அம்முறையைக் கைவிட்டது. தேர்வு விடைத்தாள்களைக் கட்டும்போது ஒவ்வொரு கட்டின்மேலும் ஒரு முகப்புச் சீட்டு வைப்போம் அல்லவா? அவ்வாறே ஒவ்வொரு கோப்பின் முன்னும் 512 பைட்டு அளவுள்ள முகப்பு ஒன்று எழுதப்படுகிறது. கோப்பின் பெயர், அளவு, கடைசியாக மாற்றப்பட்ட நேரம் முதலியன அதில் இருக்கும். நாடாவை முதலிலிருந்து இறுதிவரை ஓட்டித்தானே படிக்க இயலும்? அதற்கு இது பொருத்தமான ஏற்பாடு. எஃப் என்னும் எழுத்தும் அக்காலத்து எச்சமே. அதனை இடாவிட்டால் கட்டு நாடாவுக்கே செல்லும். கோப்பில் வேண்டுவோரே எஃப் இட்டனர். அதனை அடுத்துக் கட்டின் பெயரை எழுத மறந்து, கோப்புகளின் பெயர்களை மட்டும் எழுதினால், முதற்கோப்பின் பெயரே கட்டின் பெயராகக் கொள்ளப்பட்டு, அதிலிருந்த பொருள் அழிந்துவிடும்.

இனி, சுருக்குதல். டார் கட்டுமேயன்றித் தானாகச் சுருக்காது. இதனைக் குறையென்பாரும் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. 1980களில் யூனிக்ஸில் சுருக்குவதற்கு வழங்கிய ‘கம்ப்ரஸ்’ என்னும் கருவி, காப்புரிமைக்கு உட்பட்ட ஒரு முறையைப் பயன்படுத்தியது. அச்சிக்கலைத் தவிர்க்க, 1992இல் ஜான்-லூ கெய்லி, மார்க் ஆட்லர் ஆகிய இருவரும் ‘ஜிஸிப்’ என்னும் புதிய கருவியை உருவாக்கினர். லெம்பெல், ஸிவ் ஆகியோர் 1977இல் வெளியிட்ட முறையும், ஹஃப்மன் 1952இல் வெளியிட்ட குறியீட்டு முறையும் அதற்கு அடிப்படை. கட்டுவதும் சுருக்குவதும் வெவ்வேறாக இருந்தமையால், கட்டின் அமைப்பில் கைவைக்காமலே சுருக்கும் கருவியை மாற்ற முடிந்தது. நம் ஆணையிலுள்ள இஸட் இந்த ஜிஸிப்பையே அழைக்கிறது.

எனினும் இப்பிரிவினைக்கு ஒரு விலை உண்டு. சுருக்காத கட்டின் நடுவே சில பைட்டுகள் பழுதானால், அடுத்த முகப்பைத் தேடிப் பிடித்து எஞ்சிய கோப்புகளை மீட்கலாம். ஆனால் டாரின் சரிபார்ப்பு எண் முகப்பை மட்டுமே காக்கும். உள்ளிருக்கும் பொருள் கெட்டிருப்பதை அது அறியாது. ஜிஸிப்போ முழுப்பொருளுக்கும் சரிபார்ப்பு எண் வைத்திருப்பதால், கேட்டை அறிந்து சொல்லும். சொன்னபின், பழுதுக்கு அப்பாலுள்ளவற்றை மீட்பது பெரும்பாலும் அரிது. ஒன்று கேட்டை அறியாது. மற்றொன்று அறிந்தும் காவாது.

ஆதலால் கட்டை உருவாக்கியவுடன், சி இருந்த இடத்தில் டி என்னும் எழுத்தை இட்டு, அடைவின் பெயரை விட்டு, அதே வரியை மீண்டும் கொடுங்கள். கட்டு இறுதிவரை விரித்துப் படிக்கப்பட்டு, உள்ளிருக்கும் பெயர்கள் திரையில் வரும். பழுதிருந்தால் பிழைச்செய்தி தோன்றும். அதன் பின்னரே அதனை வேறொரு வட்டுக்கு மாற்றுங்கள். மூல அடைவு இருக்கும் வட்டிலேயே கட்டையும் விட்டுவைத்தால், வட்டு பழுதாகும் நாளில் இரண்டும் ஒருசேரப் போய்விடும்.