குளத்தைச் சான்றாக வைத்த நீதியரசர்

நீதியரசர் சி. ஜி. வீரமந்திரி பிறந்தது 1926இல். அவரது இலங்கை உயர் நீதிமன்ற ஆசனமும், மொனாஷ் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியும், சர்வதேச நீதிமன்றத்தின் உப தலைவர் பொறுப்பும், விருதுகளும் இந்த நூற்றாண்டு மலரை விரிப்போர் நன்கறிந்தவை. சுற்றாடல் சட்டத்தில் அவருக்கு நிலையான இடம் தேடித்தந்த ஓர் ஆவணத்தின் முன்னே இக்கட்டுரை நின்றுகொள்கிறது.

டானூப் நதியில் கப்சிகோவோ, நாகிமரோஷ் என்னும் ஈரிடங்களில் அணை கட்ட ஹங்கேரியும் செக்கோசுலோவாக்கியாவும் 1977இல் உடன்படிக்கை செய்தன. சுற்றாடலுக்குக் கேடு வரும் என்று அஞ்சிய ஹங்கேரி 1989இல் வேலையை நிறுத்தியது. மறுதரப்போ 1992இல் நதியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. 1997 செப்டெம்பர் 25ஆம் திகதி ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றம் இரு தரப்பிலும் பிழை கண்டது.

அத்தீர்ப்போடு வீரமந்திரி தனி அபிப்பிராயம் ஒன்றை இணைத்தார். நிலைபேறான அபிவிருத்தி வெறும் கருத்தன்று, நாடுகளைக் கட்டுப்படுத்தும் சட்டக் கோட்பாடு என்பது அவர் வாதம். அதை நிறுவ அண்மைக்கால மாநாட்டுத் தீர்மானங்கள் மட்டும் போதுமென்று அவர் நினைக்கவில்லை. மனித குலம் அதை எவ்வளவு காலமாகக் கைக்கொண்டு வந்திருக்கிறது என்று தேடிப் போனார். தன்சானியாவின் சொன்ஜோ, சக்கா மக்களின் வாய்க்கால்கள், ஈரானின் நிலத்தடி நீர்க்கால்கள், நிலத்தை இறைவனின் அமானிதமாகக் கொள்ளும் இஸ்லாமிய நெறி எல்லாம் அந்தப் பக்கங்களில் சாட்சி சொல்கின்றன.

முதற் சாட்சி நம் குளமே! வேட்டைக்கு வந்த தேவநம்பிய தீசனிடம், பறவைக்கும் விலங்குக்கும் இந்நிலத்தில் உரிமையுண்டு, நீ அதன் காவலனே என்று மகிந்த தேரர் உரைத்ததாக வழங்கும் போதனையை அவர் எடுத்துக்காட்டினார். மழைநீரில் ஒரு துளியும் பயன்படாமற் கடல் சேரலாகாது என்ற பராக்கிரமபாகுவின் ஆணையையும் சேர்த்தார். வண்டலைத் தடுக்க ஒரு குளம், ஊருக்கு ஒரு குளம், அதற்கும் மேலே காட்டுக்குள் ஒரு குளம். அந்தக் காட்டுக் குளம் பாசனத்துக்கானதல்ல. விலங்குகள் தாகம் தீர்த்துக்கொண்டு வயலுக்குள் இறங்காதிருக்க வெட்டியது. அபிவிருத்தியும் உயிர்காப்பும் ஒரே மண்வெட்டியில் நடந்ததற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

தமிழ் நெஞ்சுக்கு இங்கே புறநானூற்றின் 18ஆம் பாட்டு நினைவுக்கு வராமற் போகாது. மறுமையும் வெற்றியும் புகழும் வேண்டுமாயின் நிலம் குழிந்த இடந்தோறும் நீரைத் தேக்கு என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுறுத்தினார். நீரையும் நிலத்தையும் சேர்த்தவனே உடம்பையும் உயிரையும் படைத்தவன் என்பது அப்புலவரின் துணிபு. போர்வெறி கொண்ட மன்னனிடம் புலவர் ஒருவர் இப்படிப் பேச முடிந்த மரபு நம்முடையது. வீரமந்திரி தேடிய சான்றுகளின் வரிசையில் இதற்கும் ஓர் இடம் உண்டு.

இந்த நோக்கு அவரிடம் திடீரென முளைத்ததல்ல. 1980களின் பிற்பகுதியில், பொஸ்பேற்று அகழ்வினால் குடையப்பட்ட நவுறு தீவின் நிலங்களை மீளமைப்பது பற்றி ஆராய்ந்த ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கினார். அந்நிலங்களுக்காக நவுறு தொடுத்த வழக்கு 1993இல் 107 மில்லியன் டொலர் தர அவுஸ்திரேலியா இணங்கியதோடு தீர்ந்தது.

டானூபுக்காக எழுதியது விரைவிலேயே வீடு திரும்பியது. எப்பாவலப் பொஸ்பேற்றை அகழும் திட்டத்துக்கு எதிராக அவ்வூரார் தொடுத்த வழக்கில், 2000ஆம் ஆண்டு நீதியரசர் அமரசிங்க வீரமந்திரியின் அபிப்பிராயத்தை மேற்கோள் காட்டினார். முறையான ஆய்வும் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் முடியும் முன் ஒப்பந்தம் செய்யலாகாது என்று தடுத்தார். கலாவெவயிலிருந்து அநுராதபுரத்துக்கு நீர் கொண்டுசெல்லும் ஜய கங்கையின் பெருமை அத்தீர்ப்பில் இடம்பெற்றது.

2025 ஜூலை 23ஆம் திகதி அதே ஹேக் நீதிமன்றம் காலநிலை குறித்து நாடுகளுக்குள்ள கடமைகளை ஒருமனதாக எடுத்துரைத்தது. நம் சட்ட மாணவர்கள் அதையும் 1997இன் தனி அபிப்பிராயத்தையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். பிறகு வன்னிக்கும் மட்டக்களப்புக்கும் சென்று, வட்டவிதானைமார் காத்துவந்த நீர்ப்பங்கீட்டு வழக்கங்களை, அவற்றைச் சொல்லத் தெரிந்த முதியோர் இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும்.