அடைத்த கதவின் இருபுறமும்

புறநானூற்றை உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்து வெளியிட்ட காலந்தொட்டு, வீரமும் கொடையும் அந்நூலின் இரு கண்களெனப் பேசப்பட்டு வருகின்றன. வேந்தனின் படைச்சிறப்பைப் பாடிப் பரிசில் பெற்று மீளும் புலவனின் உருவமே கற்போர் நெஞ்சில் முதற்கண் பதிகின்றது. அவ்வுருவம் பொய்யன்று, ஆயின் முழுமையும் அன்று. பரிசில் ஈந்த வேந்தனிடமே, அவன் கேட்க விரும்பாத ஒன்றை, அவன் முன் நின்று உரைத்த புலவரும் அந்நூலுள் உளர். அவருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் கோவூர் கிழார். அவர் பாடிய 44, 45, 46, 47 ஆகிய நான்கு பாடல்களையும் தொகுத்தோர் அடுத்தடுத்து வைத்துள்ளனர். பகைகொண்டு நிற்போரிடம் மெய்யுரைப்பது எவ்வாறு என்பதை அந்நான்கையும் ஒருசேரப் பயில்வோர் உணரலாம்.

இப்பாடல்களின் சூழலை நமக்கு அறிவிப்பவை அவற்றின் அடியில் அமைந்த திணை, துறைக் குறிப்புகளே. பாடல்களினும் அவை பிற்பட்டவை என்பதை மறத்தலாகாது. சான்றாக, 45ஆம் பாடலுள் வேந்தர் பெயர் எதுவும் இல்லை. எனினும், பாடலின் பொருளும் குறிப்பும் ஒன்றோடொன்று இசைந்தே செல்கின்றன.

ஆவூர் அரணுள்

சோழர் குடியில் தோன்றிய நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் ஒருவரோடொருவர் பொருதனர். நலங்கிள்ளி ஆவூரை முற்றுகையிட, நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்து உள்ளிருந்தான். அந்நிலையில் அவனை நோக்கிப் பாடப்பட்டது 44ஆம் பாடல்.

புலவர் அறவுரையில் தொடங்கவில்லை. தாம் கண்டவற்றைச் சொல்லித் தொடங்குகிறார். யானைகள் பிடிகளோடு நீர்நிலை படியவில்லை. நெய்யளாவிய கவளமும் பெறவில்லை. துதிக்கை நிலத்திற் புரள வெய்துயிர்க்கின்றன. பாலின்றிக் குழவிகள் அலறுகின்றன. மகளிர் பூவற்ற வெறுங்கூந்தலை முடிக்கின்றனர். மனைகளில் நீரின்றி எழும் கூக்குரல் கேட்கின்றது. இவற்றையெல்லாம் கூறிய பின்னரே, இனிது இங்கே இருத்தல் கொடிது என்கிறார். அதன்பின் இரு வழிகளை அவன்முன் வைக்கிறார். அறவழியை நாடுவாயாயின் நகரம் உனதே என்று கூறிக் கதவைத் திற. மறவழியை நாடுவாயாயின் போர்செய்யத் திற. இரண்டுமின்றி மதிலின் ஒருபுறத்தே ஒடுங்கியிருத்தல் நாணத்தக்கது என்பது அவர் முடிபு.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. புலவர் தம் விருப்பத்தை அவன்மேல் ஏற்றவில்லை. அறம், மறம் என்னும் இரண்டும் நெடுங்கிள்ளி தானே போற்றிய விழுப்பங்கள். அவற்றைக் கொண்டே அவன் செயலை அளந்து காட்டுகிறார். கேட்போன் மறுக்கவியலாத அளவுகோலைத் தேர்ந்ததே அவ்வுரையின் வலிமை.

இருவர்க்கும் ஒரு பாடல்

அடுத்த பாடலின் களம் உறையூர். முற்றியிருந்த நலங்கிள்ளியையும் அடைத்திருந்த நெடுங்கிள்ளியையும் பாடியது என்கிறது அதன் குறிப்பு. கதவின் இருபுறத்தார்க்கும் உரியது ஒரே பாடல். ஒருவனிடம் ஒன்றும் மற்றவனிடம் வேறொன்றும் கூறித் தாம் இருவர்க்கும் நல்லவராகும் எளிய வழியைப் புலவர் கொள்ளவில்லை.

உன்னை எதிர்ப்பவன் பனம்பூச் சூடிய சேரனல்லன். வேப்பம்பூச் சூடிய பாண்டியனுமல்லன். நீ சூடியதும் ஆத்தி, அவன் சூடியதும் ஆத்தி என்கிறார். எவர் தோற்பினும் தோற்பது உங்கள் குடியே. இருவரும் வெல்லுதல் இயற்கையுமன்று. ஆதலின் இச்செயல் உங்கள் குடிக்குத் தகாது. உங்களை ஒத்த பிற வேந்தர்க்கே இது உவகை தரும் என முடிக்கிறார். ஒருவனை நோக்கி ஒருமையில் தொடங்கும் பாட்டு, இடையிலேயே இருவரையும் தழுவும் பன்மைக்கு மாறிவிடுகின்றது. பகைவராய் நின்ற இருவரும் 'நும்' என்னும் ஒரு சொல்லுள் அடங்குகின்றனர். பாட்டின் இலக்கணமே சந்து செய்விக்கிறது எனலாம்.

கோவூர் கிழார் போரையே வெறுத்தவர் அல்லர். 33ஆம் பாடலில், பாண்டிநாட்டில் ஏழெயிற் கதவத்தைத் தகர்த்துப் புலிப்பொறி பொறித்த நலங்கிள்ளியின் ஆற்றலைப் பாடியவரும் அவரே. கதவு தகர்த்ததைப் புகழ்ந்த அதே நாவே, இக்கதவைத் தகர்த்தல் தகாது என்றது. ஒருகால் புகழ்ந்தோம் என்பதற்காக என்றும் புகழ்தல் வேண்டும் என்னும் கட்டுக்கு அவர் உட்படவில்லை.

அழுகை மறந்த சிறுவர்

46ஆம் பாடலின் சூழல் இன்னும் கொடியது. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், மலையமானின் மக்களை யானைக்கு இடப் புகுந்தான். அவனையும் முன்னர்ப் புகழ்ந்து பாடியவர் கோவூர் கிழார். நீயோ ஒரு புறாவின் துயர் தீர்த்தவனின் வழித்தோன்றல். இவரோ கற்றோர் வறுமை கண்டு தம் உணவைப் பகுத்துண்டோரின் வழித்தோன்றல்கள் என இரு குடிகளையும் அருகருகே நிறுத்துகிறார். பின்னர் அவன் கண்களை அச்சிறுவர்பால் திருப்புகிறார். களிற்றைக் கண்ட வியப்பில் அவர்கள் அழுகையை மறந்தனர். கூடியிருந்தோரை மருண்டு நோக்கிப் புதியதொரு துன்பத்தை அறிந்தனர். இவ்வளவே உரைத்து, கேட்டாயாயின் இனி நீ விரும்பியதைச் செய் என்று நின்றுவிடுகிறார். முடிவு வேந்தனுடையதே, ஆயினும் தான் செய்வதை அறியாமற் செய்தான் என்று எவரும் இனிச் சொல்லவியலாது.

ஒற்றன் எனப்பட்ட புலவன்

47ஆம் பாடல் பிறந்த இடம் மீண்டும் உறையூரே. நலங்கிள்ளியிடமிருந்து வந்த இளந்தத்தன் என்னும் புலவனை, ஒற்றன் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். நலங்கிள்ளியைப் பாடிய கோவூர் கிழாரும் அவ்வையத்திற்கு இலக்காகக் கூடியவரே. ஆயினும் அவர் வாய்திறந்தார். பறவைகளென நெடுவழி கடந்து, பெற்றதில் மகிழ்ந்து, சுற்றத்தை ஊட்டித் தமக்கென வையாது வழங்கும் இவ்வாழ்க்கை பிறர்க்குத் தீங்கு எண்ணியதுண்டோ என வினவினார். கல்வியால் மாறுபட்டோரை நாணச் செய்து தலைநிமிர்ந்து செல்லும்போது, நிலம் ஆளும் உங்களைப் போன்ற பெருமிதம் புலவர்க்கும் உண்டு என்றார். உயிர்ப்பிச்சை கேட்கும் நேரத்திலும் புலமையின் தலைநிமிர்வை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

உரைத்ததன் பயன்

இந்நெறி கோவூர் கிழாரோடு நின்றதன்று. அறிவுடை நம்பிக்கு வரி கொள்ளும் முறையைப் பிசிராந்தையார் அறிவுறுத்தினார். மக்கள்மேற் போருக்கெழுந்த கோப்பெருஞ்சோழனைப் புல்லாற்றூர் எயிற்றியனார் இடித்துரைத்தார். கிள்ளிவளவனிடம் உழவர் நிலையை எடுத்துரைத்துப் பழஞ்செய்க்கடன் நீங்கப் பெற்றார் வெள்ளைக்குடி நாகனார். பொருவோரிடையே சந்து செய்வித்தற்குத் 'துணைவஞ்சி' எனத் தனித்துறையே அமைந்தது. 45, 46, 47 ஆகிய மூன்றும் அத்துறையின்பாற்பட்டவை.

பயன் எப்போதும் கைகூடியதா எனின், இல்லை. 46, 47 ஆகியவற்றின் குறிப்புகள் 'உய்யக் கொண்டது' என்று உயிர்கள் காக்கப்பட்டமையைத் தெளிவுறக் கூறுகின்றன. 44, 45 ஆகியவற்றின் குறிப்புகளோ போர் நின்றதாகக் கூறவில்லை. நெடுங்கிள்ளி 'காரியாற்றுத் துஞ்சியவன்' என்றே வரலாற்றில் நிற்கிறான். ஆயினும், பயன் தராத அவ்விரு பாடல்களையும் பயன் தந்த இரண்டோடு ஒருங்கே வைத்துக் காத்தனர் தொகுத்தோர். உரைக்கப்பட்ட மெய்யின் மதிப்பை அது பெற்ற வெற்றியால் மட்டும் அவர்கள் அளக்கவில்லை போலும்.

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டமொன்று பாராட்டுரைகளால் மட்டும் வாழ்ந்திருத்தல் இயலாது. கவிதை பற்றியும் கொள்கை பற்றியும் உறுப்பினரிடையே வேறுபாடுகள் எழவே செய்யும். அவ்வேளையில், புறத்தே சென்று பேசாது நேரில் உரைத்தல், இருதிறத்தார்க்கும் ஒரே சொல்லை உரைத்தல், எதிர்நிற்போர் போற்றும் விழுப்பத்தைக் கொண்டே உரைத்தல், உரைத்தபின் முடிவை அவர்க்கே விடுதல் ஆகிய நான்கும் கோவூர் கிழார் விட்டுச்சென்ற முறைமைகள். வாளேந்தி நின்றோரிடம் அவர் கையாண்ட இம்முறைமை, ஏடேந்தி அமர்ந்திருப்போரிடையே கையாள அரிதாதல் வேண்டுவதில்லை.