சிலியின் கருப்பு எண்கோணம்: 23.7 விழுக்காட்டை எப்படி வாசிப்பது?

சிலி நாட்டில் சர்க்கரை, சோடியம், நிறைவுற்ற கொழுப்பு, ஆற்றல் ஆகியவற்றில் வரம்பு மீறிய பொட்டல உணவுகள் 2016 ஜூன் 27 முதல் முகப்பில் கருப்பு எண்கோணம் தாங்கி வருகின்றன. இதைப் பற்றிய எழுத்துகளில் ஒரு வாசிப்பு ஏறத்தாழ மறுப்பின்றி நிலைபெற்றுவிட்டது: எச்சரிக்கையைக் கண்டு நுகர்வோர் அஞ்சி விலகினர், அதற்குச் சான்று எண்கோணப் பானங்களை வாங்குவதில் ஏற்பட்ட 23.7 விழுக்காட்டுக் குறைவு. எண்ணில் எனக்கு ஐயமில்லை. அதன்மேல் ஏற்றப்பட்ட பொருளோடுதான் உடன்பட முடியவில்லை.

லிண்ட்சி ஸ்மித் டெய்லி குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு, 2015 முதல் 2017 வரை 2,383 குடும்பங்கள் வாங்கிய பானங்களை ஆராய்ந்தது. சட்டம் நாடு முழுவதற்கும் பொருந்தியதால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை. எனவே சட்டத்துக்கு முந்தைய போக்கை முன்னோக்கி நீட்டி, அதிலிருந்து நடப்பு எவ்வளவு விலகியது என்று அளந்தார்கள். எண்கோணத்துக்கு உரிய பானங்களின் அளவு 23.7 விழுக்காடு குறைந்தது. அவற்றின் வழி வந்த கலோரி 27.5 விழுக்காடு குறைந்தது.

மேற்கோள்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகின்றன. அதே ஆய்வில், எண்கோணம் இல்லாத பானங்களின் வழி வந்த கலோரி 10.8 விழுக்காடு கூடியிருக்கிறது. எல்லாப் பானங்களையும் சேர்த்துப் பார்த்தால் கலோரிக் குறைவு 7.5 விழுக்காடு, தலைக்கு நாளொன்றுக்கு 7.4 கிலோகலோரி. எண்கோணம் இல்லாத பானங்களின் வழி வந்த இந்தக் கூடுதலை அச்சத்தால் மட்டும் விளக்க இயலாது. அஞ்சியவர் வாங்காமல் போயிருப்பார். இங்கோ கணிசமான பங்கு பக்கத்துத் தட்டுக்கு நகர்ந்திருக்கிறது. நகர்ந்தது வாங்குபவரின் கையா, புட்டிக்குள் இருந்த சரக்கா என்பதே கேள்வி. முதல் கட்ட வரம்பு 100 மில்லிலிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை. அதைச் சற்றே மீறிய பானத்தில் சர்க்கரையைக் குறைத்தால் அது எண்கோணத்திலிருந்து தப்பிவிடும். வழக்கமாக வாங்குபவர் எதையும் மாற்றாமலேயே ‘நல்ல’ பட்டியலுக்குள் வந்துவிடுவார். மார்செலா ரெயெஸ் குழுவினரின் ஆய்வில், எண்கோணத்துக்கு உரிய உணவு, பானங்களின் பங்கு 51 விழுக்காட்டிலிருந்து 44 ஆக இறங்கியது. ஆகவே எண்கோணச் சீட்டை வாசித்தவர்களில் உற்பத்தியாளரும் ஒருவர். ஒருவேளை, எல்லாரையும்விட ஊன்றி வாசித்தவர்.

வாங்குபவர் எதையும் வாசிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. பரஓனா, ஒடெரோ, ஒடெரோ மூவரும் 2023இல் எக்கனோமெட்ரிகா இதழில் எழுதிய கட்டுரையை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நுகர்வோர் எண்கோணமுள்ள பொருளை விட்டு அது இல்லாத பொருளுக்கு மாறியது, பெரும்பாலும் அவர்கள் நலம் தருவது என்று தவறாக நம்பியிருந்த பொருள்களில்தான். காலையுணவுத் தானியக் கலவையை நம்பி வாங்கிய தாய்க்கு எண்கோணம் ஒரு புதிய செய்தி. சாக்லேட் வாங்குபவருக்கு அது ஏற்கெனவே தெரிந்த செய்தி. அச்சமே காரணமென்றால் இரண்டிலும் வாங்குதல் ஒத்த அளவில் சரிந்திருக்க வேண்டும். சீட்டின் வலிமை அதன் கருமையில் இல்லை, வாங்குபவரின் நம்பிக்கைக்கும் புட்டியின் உண்மைக்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது என்பதே என் துணிபு.

மறுப்புகள் உண்டு. பள்ளிகளில் விற்பனைத் தடையும், 14 வயதுக்கு உட்பட்டோரை நோக்கிய விளம்பரக் கட்டுப்பாடும் அதே நாளில் தொடங்கின. சீட்டின் பங்கைத் தனியே பிரிக்க முடியாது. இது உண்மை. ஆனால் இந்த மறுப்பு என்னைவிட அச்ச வாசிப்பையே அதிகம் தாக்குகிறது. இனிப்புப் பானங்களின் வரி மாற்றத்தைச் சுட்டுவோர், அது 2014இல், ஆய்வுக்காலம் தொடங்குமுன்பே நடந்தது என்பதைக் கவனிக்கலாம்.

2020 ஆய்வின் தரவு 2017 டிசம்பரோடு முடிகிறது. சர்க்கரை வரம்பு 5 கிராமாக இறங்கியதோ 2018இல். முதல் கட்டத்தில் 6 கிராமுக்குச் சற்றுக் கீழே வந்து நின்ற பானங்கள் இரண்டாம் கட்டத்தில் மீண்டும் எண்கோணம் ஏற்றனவா, மறுபடியும் சர்க்கரையைக் குறைத்தனவா என்று பொருள்வாரியாகப் பிரித்துப் பார்த்தால், 23.7இல் எவ்வளவு கையின் நகர்வு, எவ்வளவு சரக்கின் நகர்வு என்பதை மதிப்பிடலாம். மற்ற நாடுகள் அந்த எண்ணைக் காட்டிச் சட்டம் எழுதுமுன் செய்யவேண்டிய கணக்கு இது.