கந்தலும் ஓவியமும்



நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, பள்ளி நூலகத்துப் பழைய நூலொன்றைத் தாள் முறிந்த நிலையில் திருப்பித் தந்த மாணவனை, 'நூலைப் பேணத் தெரியாதவன்' என்று கடிந்துகொண்டேன். அது தவறு எனப் பின்னரே உணர்ந்தேன். அந்நூலின் தாள், யார் தொட்டாலும் சருகுபோல் நொறுங்கும் இயல்பினது. அதனினும் மூத்த ஐரோப்பிய நீர்வண்ண ஓவியங்கள் பலவோ இன்றும் உறுதியான தாளில் விளங்குகின்றன. அவ்வுறுதியை அளித்தது எது? கந்தல் துணி!

கி.பி. 105-இல் சீன அரண்மனை அலுவலர் சாய் லுன், மரப்பட்டை, சணல், கந்தல், பழைய மீன்வலை ஆகியவற்றால் தாள் செய்யும் முறையைப் பேரரசருக்கு அறிவித்தார். அவருக்கு முன்னரே அங்குத் தாள் இருந்ததை அகழ்வாய்வுகள் காட்டுகின்றன; முறையைச் செப்பனிட்ட பெருமை அவருடையது. அக்கலை 8-ஆம் நூற்றாண்டில் சமர்க்கந்து நகரில் வேரூன்றி, அராபியர் வழியே ஐரோப்பாவை அடைந்தது.

செய்முறை எளியது, உழைப்போ பெரிது. நார்த்துணிக் கந்தலைத் தரம் பிரித்து, நறுக்கி, ஊறவைத்து, இடித்துக் கூழாக்குவர். கூழை நீர்த்தொட்டியில் கலக்கி, கம்பிச் சட்டத்தால் முகப்பர். நீர் வடிய, இழைகள் ஒன்றோடொன்று பின்னித் தாளாகும். அதைக் கம்பளித் துணிகளுக்கிடையே வைத்து அழுத்தி உலர்த்துவர். பின்னர், விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசைநீரில் தோய்ப்பர். இப்பசை இல்லையேல் வண்ணம் பரவிக் கெடும்.

சட்டத்தின் கம்பிகள் தாளில் வரிகளைப் பதிப்பதுண்டு. இங்கிலாந்தில் கென்ட் பகுதியைச் சேர்ந்த ஜேம்ஸ் வாட்மன், நெருக்கமாக நெய்த கம்பிவலையைக் கொண்டு வரியற்ற தாளைச் செய்தார். பாஸ்கர்வில் 1757-இல் அச்சிட்ட வர்ஜில் நூலில் அவ்வகைத் தாளைக் காணலாம். பிற்காலத்தில் ஓவியர் டர்னரும் வாட்மன் தாளைப் பயன்படுத்தினார். நனைத்தாலும் சுரண்டினாலும் தாங்கும் வன்மை நல்ல கந்தல் தாளுக்கு உண்டு.

அச்சுத்தொழில் பெருகவே, கந்தலுக்குப் பஞ்சம் வந்தது. செருமானிய அறிஞர் ஷாஃபர், 1765 முதல் வைக்கோல், பாசி, குளவிக்கூடு முதலியவற்றிலிருந்தெல்லாம் தாள் செய்து பார்த்தார். 1840-களில் கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறையைக் கண்டார். தாள் மலிந்தது, ஏழைச் சிறுவன் கையிலும் புத்தகம் வந்தது. அந்நன்மையை நாம் மறத்தலாகாது. ஆயினும், மரக்கூழில் எஞ்சும் லிக்னின் என்னும் பொருள் தாளை மஞ்சளாக்கிற்று. பசையோடு சேர்த்த படிகாரம் அமிலத்தை விளைத்து, இழைகளை அரித்தது. பருத்தியிலோ லிக்னின் இல்லை எனலாம். அதன் இழையும் நீண்டது.

நம் நாட்டில், 1934-இல் காந்தியடிகள் நிறுவிய கிராமக் கைத்தொழில் சங்கம் கைத்தாள் தொழிலுக்குப் புத்துயிர் ஊட்டியது. அச்சங்கத்தின் செயலாளராக விளங்கிய ஜே. சி. குமரப்பா தஞ்சையில் பிறந்தவர். இன்றும் ஓவியத்தாள் செய்வோர், தையற்கூடத்துப் பருத்தித் துண்டுகளையும், பருத்தி விதையில் ஒட்டிய குறுநாரையும் பயன்படுத்துகின்றனர். செயற்கை இழை கலந்த துணி இதற்கு உதவாது. ஆதலின் தரம் பிரித்தலே முதற்பணி.

பொருளின் இயல்பை ஆராயாமல், அதைக் கையாண்டவன்மேல் பழி சுமத்தினேன். நீங்கள் அவ்வாறு செய்யாதீர்கள். கந்தலென்று ஒதுக்கும் முன்னும், குற்றமென்று கூறும் முன்னும், அதன் இழையைச் சற்றே உற்று நோக்குங்கள்.