சக்கரம் மடக்கிய நேட்

தொப்பூர் வீட்டு அலமாரியில ஒரு குட்டி ஜெட் பறந்துக்கிட்டிருக்கு. பேரு நேட், கொசு மாதிரி ஒரு பூச்சி. 1/72 அளவுல 12 செ.மீ. நிஜ விமானமே 9 மீட்டர் நீளம் இல்லைங்க. நம்ம கணவாய்ல முக்கி முனகி ஏறுற ட்ரெய்லர் லாரி இதைவிட நீளம். பெங்களூரு எச்.ஏ.எல்.ல உரிமம் வாங்கித் தயாரிச்சாங்க.

1971 டிசம்பர் 14. ஸ்ரீநகர் விமானதளத்தை ஆறு பாகிஸ்தான் சேபர்கள் தாக்கின. குண்டு விழுந்துகொண்டிருந்த ஓடுபாதையிலேயே நேட்டைக் கிளப்பினார் 18-வது ஸ்குவாட்ரனின் நிர்மல்ஜித் சிங் செக்கோன். கிளம்பியதும் இரண்டு சேபர்களோடு மோதினார். பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே விமானப்படை வீரர் இவர்தான்.

நேட்ல சக்கரத்தைக் கொஞ்சம் இறக்கினா அதுவே ஏர்பிரேக். மாடல்ல அந்தக் கதவுகளை மூடி ஒட்டுறதுதான் பேஜார். பட்டி வெச்சுத் தேய்ச்சே மூணு ராத்திரி போச்சு. சக்கரத்தோட நிறுத்திடேன்னான் நண்பன். மனசு வரலை. செக்கோன் விமானம் திரும்பி வந்து சக்கரத்தை இறக்கவேயில்லை. சிதைவுகள் கிடைச்சுது, உடல் கிடைக்கலை.

பறக்குற மாடல்னா விமானி உள்ளே இருந்தாகணும். கடுகு சைஸ் ஹெல்மெட்டுக்கு ஒத்தை முடி பிரஷ்ஷால வெள்ளை அடிச்சு உட்கார வெச்சேன்.

அதே 18-வது ஸ்குவாட்ரன், 2020-ல தேஜஸோட நம்ம சூலூர்ல மறுபடி ஆரம்பிச்சுது.